கரை சேர்ந்தவன்

பாகூரில் பனி கொட்டாது. மார்கழி விடியலில் நெல் வயல் மேல் மூட்டமாக நிற்கும், அவ்வளவுதான். ஆனாலும் பனிச்சரிவு பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஊர் ஞாபகம்தான் வருகிறது.

பல வருஷம் முன்னால், ஐப்பசி மழையில், வில்லியனூரிலிருந்து பாகூருக்குச் சித்தப்பாவின் மொபெட்டில் வந்துகொண்டிருந்தேன். வழியில் ஒரு தரைப்பாலம். மேலே தண்ணீர் சுழித்து ஓடுகிறது. பத்துப் பேர் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். ''இருவது வருஷமா போறேன். ஒண்ணும் ஆவாது. கெட்டியா புடிச்சிக்க!''

போனோம். கரை சேர்ந்தோம். சொல்லுங்கள், சித்தப்பா செய்தது சரியா, தப்பா?

'அதான் வந்து சேர்ந்துட்டீங்களே' என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல்.

மலையில் ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்கு. அடியில் ஏதாவது ஓர் அடுக்கு சர்க்கரை மாதிரி ஒட்டாமல் பொலபொலவென்று இருந்தால், மேலே இருப்பது பலகை போல அதன்மீது சும்மா உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சரிவில்தான் இது உடைந்து கிளம்புகிறது. பனிச்சறுக்குக்காரர்கள் ஆசைப்படுவதும் அதே சரிவுக்குத்தான்! ஓர் ஆள் பாரம் போதும். உயிர் போகிற விபத்துகளில் பெரும்பாலும் சரிவைக் கிளப்பிவிடுவது, மாட்டிக்கொண்டவரோ கூட வந்தவரோதான். புதைந்தவரைப் 10, 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் உண்டு. 2023 பிப்ரவரி 1 அன்று காஷ்மீரின் குல்மார்க்கில், சறுக்கப் போன போலந்துக்காரர்கள் இரண்டு பேர் அப்படிப் புதைந்து இறந்தார்கள்.

(2016 பிப்ரவரியில் சியாச்சினில் புதைந்த மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் பத்துப் பேரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர்கள் விளையாடப் போகவில்லை. காவலுக்கு நின்றவர்கள்.)

பத்திரமாக இறங்கியவனிடம் மலை எதுவும் சொல்வதில்லை. கெட்டியான சரிவும் மௌனம், நூலிழையில் உடையாமல் விட்ட சரிவும் மௌனம். அவனோ, 'எனக்கு இந்த மலை அத்துப்படி' என்று எடுத்துக்கொள்கிறான். தரைப்பாலமும் அப்படித்தான். தண்ணீருக்கு அடியில் தளம் இருந்ததா, அரித்துப் போயிருந்ததா? தாண்டியவனுக்கும் தெரியாது.

ஒரே காரியத்தை இரண்டு பேர் செய்கிறார்கள். தப்பியவன் தைரியசாலி, செத்தவன் முட்டாள் என்கிறோம். 1976-ல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவப் பேராசிரியர்கள் இதற்கு 'அற அதிர்ஷ்டம்' என்கிற மாதிரி பெயர் வைத்து மல்லுக்கட்டினார்கள். முடிவு கிடைத்தபாடில்லை.

சித்தப்பா ஆற்றோடு போகவில்லை. வயசாகி, வீட்டுக் கட்டிலில்தான் போனார். தரைப்பாலக் கதையை மட்டும் நான் எத்தனையோ கல்யாண வீட்டில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. டிசம்பர் 2-ல் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை பாகூர் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. அந்த வாரம் சித்தப்பா மகன் போன் செய்தான். பின்னால் தண்ணீர்ச் சத்தம்.

''கொஞ்சம்தாண்ணே ஓடுது. அப்பாவும் நீயும் அன்னிக்கு வரல?''

''அன்னிக்கு நாங்க செஞ்சது தப்புடா. திரும்பிப் போ.''

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

''அப்பாவையா தப்புங்கற?'' என்றான்.