பியாசோலாவின் வெட்கம்

1953-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் அயர்ஸில், சட்டக் கல்லூரி மண்டபத்தில் ஒரு சிம்பொனி அரங்கேறியது. இயற்றியவர் ஆஸ்தோர் பியாசோலா, அகவை முப்பத்திரண்டு. வயலின்களும் குழல்களும் நிறைந்த பெருங்குழுவினிடையே அவர் இரண்டு பாண்டோனியோன்களையும் அமர்த்தியிருந்தார். விளைவு, அவையில் கைகலப்பு! டாங்கோ ஆட்டத்திற்குரிய கருவி சிம்பொனிக்குள் நுழைந்ததைச் சிலரால் பொறுக்க இயலவில்லை.

பாண்டோனியோன் துருத்தியும் பொத்தான்களும் கொண்டது. நம் ஆர்மோனியத்திற்குத் தூரத்து உறவு. 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் பிறந்த அக்கருவி, ஆர்கன் வாங்க வசதியற்ற சிற்றாலயங்களிலும் ஒலித்தது என்பர். கப்பலேறி அர்ஜென்டினாவை அடைந்தபின், இத்தாலியரும் ஸ்பானியரும் ஆப்பிரிக்க வழித்தோன்றல்களும் நெருங்கி வாழ்ந்த துறைமுகச் சேரிகளிலும், மதுக்கடைகளிலும், விலைமாதர் இல்லங்களிலும் அது டாங்கோவின் குரலாயிற்று.

இங்கே எழும் வினா இசையறிஞர்க்கு மட்டும் உரியதன்று. எளியோரின் ஆட்டத்தை உயர்ந்ததென்று போற்றப்படும் வடிவத்திற்குள் கொண்டுவருகையில், நாம் அதற்குப் பெருமை சேர்க்கிறோமா, அல்லது அதை அதன் உரியவரிடமிருந்து பறிக்கிறோமா?

தூய்மை கெடும் என்போர்க்கு வரலாறே விடையளித்துவிட்டது. சரபாந்து என்னும் ஆட்டம் ஒழுக்கக்கேடானதென்று ஸ்பெயினில் 1583-இல் தடைசெய்யப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டு கூடக் கழியவில்லை. பாக், 1727-ஆம் ஆண்டின் தம் 'மத்தேயு பாடுகள்' படைப்பை நிறைவுசெய்ய, ஆண்டவரின் கல்லறையருகே அழுதமர்வோரின் பாடலை, நடை தளர்ந்துவிட்ட அதே சரபாந்தின் சாயலில்தான் அமைத்தார். நம் ஆலயங்களுக்குள் பறை வரலாமா என்று எழுந்த வாதங்களைக் கேட்டவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் பியாசோலாவின் இடர் வெளியே மட்டும் இருக்கவில்லை. 1954-இல் அவர் பாரீசு சென்று நாதியா புலாஞ்சே அம்மையாரிடம் மாணவரானார். தம் சிம்பொனிச் சுவடிகளை விரித்தார். டாங்கோ வாசித்துப் பிழைத்ததை மறைத்தார். அம்மையார் அவற்றில் ஸ்திராவின்ஸ்கியைக் கண்டார், பார்தோக்கைக் கண்டார், ராவேலைக் கண்டார், பியாசோலாவைக் காணவில்லை. துருவிக் கேட்டபின், தயங்கித் தயங்கி அவர் தம் டாங்கோ ஒன்றைப் பியானோவில் வாசித்தார். இதுவே நீ, இதைக் கைவிடாதே என்னும் பொருள்பட ஆசிரியை அறிவுறுத்தியதாக அவரே பின்னாளில் நினைவுகூர்ந்தார். அவர் மறைத்தது பாவத்தையன்று. தம்மை வளர்த்த மண்ணைத்தான். பிறப்பிடத்தை மறைத்து ஏறிய மேடையில் மனிதன் பிறர் குரலிலேயே பேசுகிறான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி நமக்குத் தெரியாது.

கி.பி. 451-இல் கூடிய கல்சேதோன் பொதுச்சங்கம், கிறிஸ்துவில் இறையியல்பும் மனித இயல்பும் ஒன்றோடொன்று குழம்பாமலும், மாறாமலும், பிரியாமலும் இணைந்துள்ளன என்று வரையறுத்தது. மறைபொருளைக் கலையோடு ஒப்பிடுதல் எல்லை மீறிவிடக் கூடியது. ஆயினும் அச்சொற்கள் நமக்கு ஓர் அளவுகோல் தருகின்றன. பொதுவாக இத்தகைய கலப்புகளில் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும். ஆட்டம் வெறும் அலங்காரமாகும்; அல்லது செவ்வடிவம் வெறும் சட்டகமாகும். பியாசோலா 1968-இல் படைத்த 'ஃபூகா இ மிஸ்தேரியோ'வில் அப்படி நேரவில்லை. ஒரு குரல் தொடுக்க மற்றவை முறையே தொடரும் ஃபியூக் இலக்கணம் அங்கே மெய்யானது. எட்டுச் சிற்றளவுகளை மூன்று, மூன்று, இரண்டு எனப் பிரித்துத் துள்ளும் டாங்கோவின் நடையும் மெய்யானது. தெருவும் கல்விக்கூடமும் ஒன்றையொன்று வெட்கமின்றி நோக்குகின்றன.

எனினும், ஆடுவோர் தொடுத்த வழக்கை நாம் தள்ளிவிட இயலாது. இது டாங்கோவே அன்று என்று அவர்கள் சினந்தனர். அவர் செவிக்காக எழுதினார், கால்களுக்காக எழுதவில்லை. நாளெல்லாம் உழைத்தவன் இரவில் ஒரு துணையின் தோளைப் பற்றித் தன் களைப்பை மறக்கும் இசையைக் கைகட்டி அமர்ந்து கேட்கச் சொன்னால், அவனிடமிருந்து ஏதோ ஒன்று எடுக்கப்பட்டுவிட்டது என்பது உண்மையே. அதற்கு ஈடாகக் கிடைத்த அழகு பெரிது. ஆனால் அது பெரும்பாலும் வேறு எவர்க்கோ கிடைத்தது.

பியாசோலா 1992-இல் மறைந்தார். உலகின் பேரரங்குகள் அவரை ஏற்றுக்கொண்டன. புவெனஸ் அயர்ஸின் ஆட்டக்கூடங்களிலோ, ஆடுவோர் 1930, 1940-களின் பழைய குழுக்களின் பதிவுகளையே இன்றும் பெரிதும் விரும்புகின்றனர். பியாசோலாவின் இசை ஒலித்தால் பலர் நாற்காலிக்குத் திரும்பிவிடுகின்றனர்.