கண்டும் காணாதவர்

காண்பதற்கென்றே சம்பளம் வாங்குபவர் காணாதிருந்தால், விற்றவன் குற்றத்துக்கு அது எள்ளளவும் குறைந்ததல்ல. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபின் இதில் மறுபேச்சுக்கு இடமில்லை.

ஆங்கிலச் சட்டப் பேச்சில் ‘குருட்டுக் கண்ணைத் திருப்புவது’ என்றொரு தொடர் உண்டு. 1801 கோபன்ஹேகன் கடற்போரில், பின்வாங்கச் சொன்ன கொடியைப் பார்க்கத் தளபதி நெல்சன் பார்வையற்ற கண்ணில் தொலைநோக்கியை வைத்து, கொடி தெரியவில்லை என்றாராம். போர்க்களத்தில் அது வீரக்கதை. நீதிமன்றத்தில் அது குற்றச்சாட்டு: அறிய வழியிருந்தும் வேண்டுமென்றே அறியாதிருந்தவரை அறிந்தவராகவே சட்டம் கொள்கிறது.

கருணாபுரம் காட்டுக்குள் ஒளிந்த ஊரல்ல. நகருக்குள், காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் குடியிருப்பு. சாராயம் எங்கே கிடைக்கும் என்பது கூலிக்குப் போகிறவருக்குத் தெரிந்திருந்தது. கல்வராயன் மலை ஓடையோரங்களில் ஊறல் அழித்த செய்திகள் அடிக்கடி வரும். அடிவாரத்து நகரில் விற்பனை நிற்கவில்லை. 2023 மே மாதம்தான் பக்கத்து மாவட்டத்து மரக்காணத்தில் இதே மெத்தனால் உயிர்களைக் குடித்தது. அதன் பிறகும் தெரியாது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாகிப் பார்வை நரம்பை அரிக்கும் நஞ்சு. கருணாபுரத்தில் பிழைத்தவர்களிலும் பார்வை போனவர் உண்டு.

ஒற்றரையும் அறநூலையும் அரசனுக்கு இரு கண்களாக வைத்தார் வள்ளுவர். நாள்தோறும் ஆராய்ந்து முறைசெய்யாத ஆட்சியில் நாடு நாளுக்கு நாள் கெடும் என்பதும் அவர் வாக்கு. சிலப்பதிகாரத்துப் பாண்டியன், பொற்கொல்லன் ஏமாற்றிவிட்டான் என்று பழியை அவன்மேல் தள்ளித் தப்பவில்லை. ஆராயாத தன் பிழைக்காக உயிரையே விட்டான். மனுநீதிச் சோழனோ, மணியை அசைத்த பசுவுக்கும் நியாயம் தேடினான். ஆள்பவர்க்கு அறியாமை அடைக்கலமாகாது என்பதே இம்மண்ணின் நெடுநாளைய அறம்.

குடித்தவர் தாமாகத்தானே குடித்தார் என்பார் உண்டு. கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே வைத்த குறள் அவரையும் விடவில்லை, மெய்தான். ஆனால் நஞ்சைக் கலந்தது அவரல்லர். தடுக்கும் அதிகாரமும் அவரிடம் இல்லை.

2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. அடுத்த மாதமே அரசின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. விசாரணை மெத்தனால் கொண்டுவந்தவரோடும் விற்றவரோடும் நின்றுவிடலாகாது. இடமாற்றமும் தற்காலிகப் பணிநீக்கமும் தண்டனையாகா. தெரிந்தே கண்ணை மூடிக்கொண்டவர் எவராயினும், எந்தப் பதவியில் இருந்தாராயினும், விற்றவர் நிற்கும் அதே கூண்டில் நிற்க வேண்டும்.