பழக்கிவிட்டால் போய்விடுவானா?

“பையனுக்கு வேலை கத்துக்கொடுத்தா, நாளைக்குப் பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போயிடுவான்.” ஜோகூரில் சின்னத் தொழிற்சாலை நடத்துகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும்போது யார்தான் போகமாட்டார்கள்? மனித மூலதனம் பற்றி 1964-இல் புத்தகம் எழுதிய கேரி பெக்கரே சொன்னதுதான்: எங்கே போனாலும் பயன்படும் திறமைக்கு முதலாளிகள் கைக்காசைப் போடமாட்டார்கள்.

சரி, அப்படியானால் கற்றுக்கொடுக்காமலே வேலை வாங்கலாமா? இது கணக்குக் கேள்வி மட்டுமல்ல, தர்மக் கேள்வியும்கூட என்று எனக்குத் தோன்றுகிறது.

என் பாட்டி ரெங்கம் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பார்க்கிறவர்களுக்கு அது கத்தியால் கீறுகிற வேலை. உண்மையில் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். பால் ஓடும் குழாய்கள் பட்டையின் உள்பக்கம்தான் அதிகம்; ஆழம் குறைந்தால் பால் குறையும். கொஞ்சம் கூடினால் கட்டையை ஒட்டியிருக்கும் வளர்படலத்தில் காயம். ஒழுங்காக வெட்டிய இடத்தில் புதுப் பட்டை வளரும், சில வருஷம் கழித்து அங்கேயே மறுபடி வெட்டலாம். காயம் பட்ட இடமோ முண்டும் முடிச்சுமாகிவிடும், கத்தி ஓடாது. பழகாத கையின் விலை அன்றைக்குத் தெரியாது. பின்னால் மரம் காட்டும். மில்லிமீட்டர் கணக்கான இந்த நிதானம் புத்தகத்தில் வராது. பக்கத்தில் நின்று “இன்னும் லேசா, கண்ணு” என்று யாராவது சொல்ல வேண்டும். பாட்டிக்கு அவர் அம்மா சொன்னார். அதற்கு யாரும் சம்பளம் தரவில்லை, தோட்டக் கணக்கிலும் அது ஏறவில்லை. முதலீடு செய்தது குடும்பம், லாபம் பார்த்தது தோட்டம்.

தோட்டமும் செலவழிக்கட்டும் என்று சட்டம் வந்ததுதான். கூட்டு மலாய் மாநிலங்களின் 1923 தொழிலாளர் சட்டப்படி, 7 முதல் 14 வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும். (ஜோகூர் அந்தக் கூட்டில் இல்லை.) வைத்தார்கள். ஆனால் பல இடங்களில் ஒரு கொட்டகை. கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். சட்டத்துக்குத் திருப்தி. பிள்ளை மறுபடி பால்வாளி தூக்கியது.

இன்றைய சட்டத்திலும் அதே 10 வருகிறது, தற்செயல்தான். 2001-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதற்கு உட்பட்ட துறைகளில் 10 மலேசியத் தொழிலாளர்களுக்குக் குறையாமல் வைத்திருக்கும் நிறுவனம், மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டு லெவியாகக் கட்ட வேண்டும். பயிற்சி கொடுத்தால் அந்தப் பணத்திலிருந்தே செலவைக் கோரலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் லெவியைத் தீர்ப்பதற்காக ஹோட்டலில் இரண்டு நாள் மோட்டிவேஷன், மதியம் பிரியாணி, கடைசியில் சான்றிதழ், குரூப் போட்டோ என்று முடிந்தால் அது ஏர்கோன் போட்ட கொட்டகைப் பள்ளிக்கூடம். (பிரியாணிக்கு நான் எதிரி இல்லை.)

பாசிர் கூடாங்கில் தொழில்துறைப் பயிற்சிக்குப் போனபோது, பம்பையும் மோட்டாரையும் ஒரே நேர்க்கோட்டில் பொருத்தும் வேலை வந்தது. அளவைக் கருவி காட்டிவிடும். போல்ட்டை முறுக்கும்போதே அந்த அளவு நகர்ந்துவிடும் என்பதை அங்கிருந்த மூத்த டெக்னீஷியன் அண்ணன்தான் காட்டினார். “நீயே செய் தம்பி, நான் பாக்குறேன்” என்று நாலு தடவை கழற்றிப் பூட்ட வைத்தார். அவருடைய அரை நாள் போச்சு. கம்பெனிக் கணக்கில் அது நஷ்டம் மாதிரிதான் தெரியும். சரியாகப் பொருந்தாத பம்பில் பேரிங்கும் சீலும் சீக்கிரம் போகுமே, அந்தச் செலவு வேறு மாதத்தில், வேறு பெயரில் வரும். பால்மரப் பட்டை மாதிரிதான்.

வேலை கற்றவன் போய்விடலாம், உண்மை. அவனை நிறுத்த நல்ல சம்பளமும் மரியாதையும் கொடுத்துப் பார்க்கட்டும். தெரியாதவனாகவே வைத்து ஒருவனைக் கட்டிப்போடுவது, தோட்டம் நம் தாத்தா பாட்டியைக் கட்டிப்போட்ட அதே முறை. நம்மவர் பட்டறைகளிலும் இது நடக்கிறது. ‘தொழில் ரகசியம்’ என்று சொல்லி, வருஷக்கணக்கில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க மட்டுமே விடுகிறார்கள்.

2025 ஜனவரியில் கையெழுத்தான ஜோகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலம், முதல் ஐந்து ஆண்டில் 20,000 திறன்சார்ந்த வேலைகளை இலக்காக வைத்திருக்கிறது. நாமும் நேர்காணலுக்கு வரிசையில் நிற்போம். சம்பளம் எவ்வளவு, ஓவர்டைம் உண்டா என்று கேட்பதோடு, முதல் ஆறு மாதம் என் பக்கத்தில் யார் நிற்பார் என்றும் கேளுங்கள். நான் கேட்கப்போகிறேன்.