கூண்டிலே பிறந்த கிளி

காட்டுக் கிளியின் குஞ்சை மரப்பொந்திலிருந்து கவர்ந்து வந்து அடைப்பது கொடுமை என்பதை இன்று பலரும் ஒப்புவர். ஆனால் வீட்டிலேயே இணை சேர்த்துப் பொரிக்கவைத்த கிளிக்கு வேறொரு நியாயம் கூறப்படுகிறது. "அது கூண்டிலே பிறந்தது; வானத்தை அறியாதது. அறியாத ஒன்றை அது எவ்வாறு இழக்கும்?" பதுளை நகரத்து வீடுகளாயினும் தோட்டத்து லயங்களாயினும், கிளி வளர்ப்போர் சொல்லும் இந்த நியாயத்தை நாம் சற்றே ஆராய்தல் வேண்டும்.

முதல் விடையைக் கிளியே தருகிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த, நாம் 'லவ் பேர்ட்ஸ்' என்றழைக்கும் சிறு கிளிகள் மண்பானையிலும் முட்டையிட்டுப் பெருகும். நமது பச்சைக்கிளியோ எளிதில் இணங்குவதில்லை. ஆணின் கழுத்து ஆரம் தெளிவாகத் தோன்ற ஏறத்தாழ 3 ஆண்டுகள் செல்லும்; ஆதலால் இணையென்று வாங்கியவை இரண்டும் பெடையாகவே இருத்தல் கூடும். மனம் ஒவ்வாத ஆணைப் பெடை கொத்தி விரட்டும். விலகி ஓடக் கூண்டில் இடமேது? சுண்ணாம்புச் சத்துக் குறையின் முட்டை வெளிவராது அடைத்துப் பெடை மடிவதுமுண்டு. அதற்கென்றே கணவாய் ஓடு வைக்கிறார்கள். அடைகாக்க 3 வாரங்களுக்கு மேல், குஞ்சு பறக்க மேலும் ஏறத்தாழ 7 வாரங்கள். இடையில் தொல்லை நேர்ந்தால் தாய் முட்டையைக் கைவிட்டுவிடும். துணையின்றி அடைபட்ட கிளி தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்வதும் உண்டு. வானத்தை அறியாத பறவையின் செயல்களா இவை? பிறப்புத்தான் கூண்டில் நேர்ந்தது. இயல்பு கூண்டில் பிறந்ததன்று.

'பிறந்த இடமே போதும்' என்னும் நியாயத்தை ஊவாவின் தோட்ட மக்கள் நன்கறிவர். மனிதரைக் கிளியோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. இரு இடத்தும் கூறப்படும் நியாயத்தையே ஒப்பிடுகிறோம். லயத்தில் பிறந்தவன் லயத்துக்கே பழகியவன் என்றனர். ஆனால் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, இம்மண்ணில் பிறந்தது மட்டும் போதாது, தந்தையின் பிறப்புக்கும் சான்று வேண்டும் என்றனர். லயத்தில் இருத்தற்குப் போதுமான பிறப்பு, உரிமை பெறுதற்குப் போதாதாயிற்று! எஞ்சியோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. கதவின் திறவுகோலை வைத்திருப்பவனுக்கு எது வசதியோ, அதற்கேற்பவே பிறப்பு பொருள் பெறுகிறது.

கூண்டில் இனம் பெருக்குவது எங்கும் தீதென்று நாம் கூறவில்லை. பிரேசிலில் காட்டிலிருந்து அற்றுப்போன ஸ்பிக்ஸ் மக்கா கிளி, கூண்டில் பெருக்கப்பட்டு 2022இல் மீண்டும் காட்டில் விடப்பட்டது. அங்கே கூண்டு, காட்டுக்குத் திரும்பும் வழியாயிற்று. வீட்டுக் கூண்டுக்கோ அத்தகைய வழி இல்லை. இரை தேடவும் பருந்துக்கு ஒளியவும் கல்லாத குஞ்சைத் திறந்துவிடுவதும் கருணையாகாது.

ஆகவே, கூண்டிலே பிறந்தது என்பது வளர்ப்போனை விடுவிக்கும் வாதமன்று. அவனைக் கடனாளியாக்கும் வாதம். பறக்க இடமும், துணையும், 20 ஆண்டுகளுக்கு மேலும் நீளக்கூடிய அதன் வாழ்நாள் முழுதும் பராமரிப்பும் தர இயலுமா? இயலாதெனின், முட்டையிடும் பெட்டியைக் கூண்டில் வைக்காதிருப்பதே அறம்.