நெருப்பில்லாமல் புகையுமா?

"நெருப்பில்லாமல் புகையுமா?" என்று நம் ஊர்களில் ஒரு கேள்வி உண்டு. கேள்வி மாதிரி இருக்கிறதே தவிர அது கேள்வி அல்ல, தீர்ப்பு. ஒருவருடைய நடத்தையைப் பற்றிப் பேச்சு எழுகிறது. "நீ பார்த்தாயா?" என்று கேட்டால் பார்த்தவர் யாரும் இல்லை. உடனே இந்தப் பழமொழி சாட்சிக் கூண்டில் ஏறிவிடும். அதற்குப் பிறகு அந்த மனிதருக்காகப் பரிந்து பேச யாருக்கும் துணிவு வருவதில்லை.

பழைய தர்க்க சாஸ்திரக்காரர்களும் இதே உதாரணத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். மலைமேல் புகை தெரிகிறது. ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது. இதற்கு அனுமானம் என்று பெயர். ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் பனிமூட்டமும் புகையாகத் தோன்றும் என்று எச்சரித்தார்கள். பழமொழியை நாம் வைத்துக்கொண்டோம், எச்சரிக்கையைத் தொலைத்துவிட்டோம்.

அந்த எச்சரிக்கையைப் போற்றி வைத்திருப்பவர்கள் யாரென்று பார்த்தால், வான சாஸ்திரிகள்தான் என் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களுடைய தொழிலே அனுமானம். எட்டிப் போய்த் தொட்டுப் பார்க்க வழியில்லை.

ஒரு நட்சத்திரம் பிறக்கும்போது அதைச் சுற்றி வாயுவும் தூசியுமாக ஒரு பெரிய தட்டு சுழன்றுகொண்டிருக்கும். தூசி ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு நாளடைவில் கிரகங்கள் ஆகின்றன. நாம் நிற்கும் பூமியும் சுமார் 450 கோடி ஆண்டுகளுக்கு முன் அப்படி உருவானதுதான். 1755-ல் கான்ட் என்ற ஜெர்மானியத் தத்துவ ஞானியும், 1796-ல் லாப்லாஸ் என்ற பிரெஞ்சுக் கணித மேதையும் சுழலும் மேகத்திலிருந்தே சூரிய மண்டலம் பிறந்திருக்க வேண்டும் என்று ஊகித்தார்கள். கண்ணால் காணும் பாக்கியம் அவர்களுக்கு இல்லை.

அந்தப் பாக்கியம் நம் காலத்துக்கு வாய்த்தது. 2014 நவம்பரில், சிலி நாட்டு அடகாமா பாலைவனத்தில் 5,000 மீட்டர் உயரத்தில் உள்ள அல்மா ரேடியோ தொலைநோக்கி நிலையம் ஒரு படத்தை வெளியிட்டது. எச்.எல். டாரி என்ற நட்சத்திரத்தின் படம் அது. ரிஷப ராசியில், சுமார் 450 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. வயது 10 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் இராது. நட்சத்திரக் கணக்கில் தொட்டில் குழந்தை. அதைச் சுற்றியுள்ள தட்டில் ஒளி வளையங்களும், அவற்றின் நடுவே இருண்ட இடைவெளிகளும் தெளிவாகத் தெரிந்தன. போரடித்த களத்தில் மாடு சுற்றி வந்த தடம் போல.

தட்டுக்குள் ஒரு கிரகம் சுற்றி வந்தால் தன் ஈர்ப்பினால் வழியிலுள்ள பொருளை இருபுறமும் ஒதுக்கிவிடும். அப்படியானால் தடம் இருக்கும்போது மாடும் இருக்கத்தானே வேண்டும்? பலர் அப்படித்தான் கருதுகிறார்கள். ஆனால் மாடு இதுவரை உறுதியாகக் கண்ணில் படவில்லை. தட்டின் வெவ்வேறு தூரங்களில் தண்ணீரும் பிற ஆவிகளும் பனியாக உறையும் எல்லைகள் உண்டு. அங்கே தூசியின் தன்மை மாறுவதால்கூட இப்படி வளையங்கள் தோன்றலாம். ஆகவே 'இருக்கக்கூடும்' என்பதோடு அவர்கள் நிறுத்திக்கொள்கிறார்கள்.

வேறு இரண்டு நட்சத்திரங்களின் கதையைக் கேட்டால் இந்த நிதானத்தின் அருமை விளங்கும். பி.டி.எஸ். 70 என்ற நட்சத்திரத்தின் தட்டிலும் பெரிய இடைவெளி இருந்தது. வெயிலில் நெற்றிமேல் கைவைத்துப் பார்ப்பது போல, நட்சத்திரத்தின் ஒளியை ஒரு கருவியால் மறைத்துக்கொண்டு பார்த்தார்கள். இடைவெளிக்குள் ஒரு கிரகம் இருந்தது! 2018 ஜூலையில் அதை அறிவித்தார்கள். மறு ஆண்டே இன்னொன்றும் அகப்பட்டது.

எல்.கே.சி.ஏ. 15 என்பது மற்றொன்று. அதன் தட்டிலும் இடைவெளி. அங்கே கிரகங்கள் உருவாவதைக் கண்டதாக 2015-ல் அறிவிப்பு வந்தது. 2019-ல் வேறொரு குழுவினர் ஹவாய்த் தீவு மலையுச்சித் தொலைநோக்கிகளைக் கொண்டு மறுபடி ஆராய்ந்தார்கள். கிரகத்தின் ஒளி என்று எண்ணியது தட்டின் ஒளியே என்பது அவர்கள் கண்ட முடிவு. அங்கே எங்காவது ஒரு கிரகம் ஒளிந்திருக்கலாம். ஆனால் கண்டதாகச் சொன்னது நிற்கவில்லை.

தடம் ஒரே மாதிரி. உண்மை இரண்டு மாதிரி. தடத்தை நம்பியவர்களைக் குறை சொல்ல முடியாது. சந்தேகப்படாமல் இருந்திருந்தால் முதல் நட்சத்திரத்திலும் யாரும் தேடியிருக்க மாட்டார்கள். அனுமானம் பாவமல்ல. எந்தத் திசையில் தேடவேண்டும் என்று அது கை காட்டுகிறது. காட்டிய கையையே தீர்ப்பாக எடுத்துக்கொள்வதுதான் பிழை.

மனிதர்கள் விஷயத்துக்கு வருவோம். ஒரு வீட்டில் நடுநிசி வரை விளக்கு எரிகிறது. தனியாக வசிக்கும் பெண்ணின் வீடு. குழந்தைக்குக் காய்ச்சலாக இருக்கலாம், கணக்கு எழுதிக்கொண்டிருக்கலாம், தூக்கம் வராமலிருக்கலாம். தெருவுக்கு இத்தனை பனியும் தெரிவதில்லை. ஒரே ஒரு நெருப்புத்தான் தெரிகிறது. தவறாக எண்ணினால் நட்சத்திரத்துக்கு நஷ்டமில்லை. நாலு வருஷம் கழித்தாவது திருத்தவும் ஆள் இருக்கிறார்கள். அந்தப் பெண்ணைப் பற்றிய பேச்சைத் திருத்தி யார் அறிவிப்பு வெளியிடப் போகிறார்கள்?

"அப்படியானால் உள்ளே போய் விசாரித்து நிச்சயம் செய்துகொள்ளலாமே" என்பீர்கள். அங்கேதான் நட்சத்திரத்துக்கும் மனிதருக்கும் பெரிய வித்தியாசம். நட்சத்திரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் துருவிப் பார்க்கலாம். அதற்கு மானம் இல்லை. அயலாரின் கதவைத் திறந்து பார்க்கும் உரிமை நமக்கு இல்லை. பார்க்க உரிமை இல்லாத இடத்தில் முடிவு கட்டும் உரிமை மட்டும் எப்படி வந்தது? ஒரு தடத்திலிருந்து ஒரு முழு வாழ்க்கையைக் கற்பித்து எழுதுவதுதான் என் போன்றவர்களின் பிழைப்பு. ஆனால் அதற்குக் கதை என்று பெயர் போட்டுத்தான் அச்சிடுகிறோம்.

அடுத்த முறை யாராவது "நெருப்பில்லாமல் புகையுமா?" என்று ஆரம்பித்தால், "பனியாக இருக்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். பேச்சு நின்றுவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். கூட்டத்தில் ஒருவராவது மலையை மறுபடி நிமிர்ந்து பார்ப்பார்.