சாளரத்தில் நின்ற மிக்கோல்



தாவீது இராசா வாக்குத்தத்தத்தின் பெட்டகத்தை ஜெருசலேம் பட்டணத்திற்குக் கொண்டுவந்த நாளைச் சற்றே மனக்கண்முன் நிறுத்துங்கள். எக்காளம் முழங்குகிறது, ஜனங்கள் ஆர்ப்பரிக்கிறார்கள். தாவீதோ சணல்நூல் அங்கி ஒன்றை மாத்திரம் தரித்தவராய், தம் முழுப் பலத்தோடும் சர்வேசுரனுக்கு முன்பாக ஆடுகிறார். அவர் மனைவி மிக்கோல், சவுல் இராசாவின் குமாரத்தி, சாளரத்தின் வழியாய் எட்டிப் பார்த்துத் தன் உள்ளத்தில் அவரை இகழ்ந்தாள். வீடு திரும்பியவரை எதிர்கொண்டு, வேலைக்காரிகள் பார்க்கும்படி ஓர் இராசா இப்படியும் நடந்துகொள்ளலாமா என்று குத்திப் பேசினாள். சர்வேசுரனுக்கு முன்பாக இன்னும் தாழ்ந்து போகவும் தமக்குச் சம்மதமே என்று தாவீது பதில் சொல்லிவிட்டார். சாமுவேலின் இரண்டாம் ஆகமம் 6-ம் அதிகாரத்தில் இது எழுதப்பட்டிருக்கிறது.

இந்த மிக்கோல் நம்முடைய பங்கிலும் இருக்கிறாள். யாரைச் சொல்கிறேன் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வேண்டாம். முதலில் என்னையே சொல்கிறேன்.

சென்ற வருஷம் சில வயோதிகத் தாய்மார் சனிக்கிழமை ஜெபமாலை முடிந்தபின் பங்கு மண்டபத்தில் கூடிக் கும்மியடிக்கத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் சர்க்கரை வியாதிக்காரர். தினமும் நடக்கவேண்டும் என்று டாக்டர் அவருக்குச் சொல்லியிருந்தார். தெருவிலே லாரியும் மோட்டார் சைக்கிளும் பறக்கிறபோது எழுபது வயதுக்காரி எங்கே நடப்பது? சிறு பிராயத்தில் தம் ஊர்க் கோவில் திருநாளில் அடித்த கும்மி அவருக்கு ஞாபகம் வந்தது. இரண்டு பேர் நான்கானார்கள். நான்கு பேர் பதினொருவரானார்கள்.

பேச்சும் உடனே புறப்பட்டது. கிழவிகளுக்கு இந்த வயதிலே கூத்தா, பேரன் பேத்தி எடுத்தவர்கள் வீட்டில் அடங்கிக் கிடக்கக்கூடாதா என்றார்கள். அந்தத் தாயின் மகனே வந்து, மானம் போகிறது சுவாமி என்றார். நான் செய்ததென்ன? கண்டிக்கவில்லை, சிரித்தேன். அந்தச் சிரிப்பு எப்படியோ அவர் காதுக்குப் போயிற்று. மறு சனிக்கிழமை அவர் வரவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராய் நின்றுவிட்டார்கள்.

ஐந்து மாதம் சென்று ஓர் இரவு அவர் தம் வீட்டிலேயே கால் தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. கும்மியை விட்டதால்தான் விழுந்தார் என்று நான் சொல்லவில்லை. அது சர்வேசுரனுக்கே வெளிச்சம். நான் தேவநற்கருணை கொண்டுபோனபோது, நன்மை வாங்கி நன்றியறிந்த ஸ்தோத்திரம் முடிந்தபின் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “சுவாமி, கும்மி நடக்குதுங்களா?” பதில் சொல்ல எனக்கு நாவெழவில்லை.

அதற்குப் பிறகே இந்த விஷயத்தை விசாரித்து அறிந்தேன். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வளர்ந்தவர்கள் வாரத்திற்கு 150 நிமிஷமாவது மிதமான உடலுழைப்பு கொள்ளவேண்டும். 65 வயதைக் கடந்தவர்களுக்கு அது போதாது; தடுமாறாமல் நிற்கவும் கால் பலம் குன்றாதிருக்கவும் தக்க பயிற்சி வாரம் மூன்று நாளாவது வேண்டுமாம். கும்மியை நினைத்துப் பாருங்கள். குனிந்து, நிமிர்ந்து, ஒரு காலில் பாரத்தை வைத்து மறு காலை எடுத்து, வட்டத்தில் சுற்றி, தாளம் தப்பாமல் கைதட்ட வேண்டும். பாட்டின் அடுத்த அடி ஞாபகத்தில் இருக்கவேண்டும். பக்கத்தில் இருப்பவள் மேல் மோதாமலும் இருக்கவேண்டும். காலும் கண்ணும் காதும் புத்தியும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. தசைகள் இப்படி உழைக்கும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துச் செலவழிக்கின்றன என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். நியூ யார்க் நகரில் 75 வயதுக்கு மேற்பட்ட 469 பேரைப் பல வருஷம் கவனித்து 2003-ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. உடலசைவுள்ள பொழுதுபோக்குகளில், அடிக்கடி நடனமாடியவர்களிடத்தில் மாத்திரமே மறதி வியாதி குறைவாகக் காணப்பட்டதாம். ஆட்டமே அதற்குக் காரணம் என்று அதைக்கொண்டு தீர்த்துச் சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் சிரித்த எனக்கு அது போதுமானதாயிருந்தது.

ஆட்டம் என்றவுடன் ஏரோதின் விருந்தில் ஆடிய பெண்ணும், தட்டில் வந்த ஸ்நாபக அருளப்பருடைய சிரசும் சிலருக்கு நினைவுக்கு வரும். மெய்தான். துர் இச்சையைத் தூண்டும் ஆட்டம் பாவத்துக்கு வழி; அதில் சந்தேகமில்லை. ஆனால் செங்கடலைக் கடந்தபின் மோயீசனின் சகோதரி கையில் தம்புரு எடுத்து ஸ்திரீகளோடு ஆடியதும் அதே வேதாகமத்தில்தான் இருக்கிறது. சரீரம் இஸ்பிரீத்து சாந்துவின் ஆலயம் என்று அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதியதை நாம் கற்புக்கு மட்டும் எடுத்துப் பேசுகிறோம். ஆலயத்தைப் பூட்டி வைத்து ஒட்டடை சேரவிடுவதும் அதற்கு மரியாதையாகுமா?

ஐரோப்பாவிலே லக்ஸம்பர்க் என்று ஒரு சிறிய தேசம். அங்கே எக்டர்நாக் என்ற ஊரில் 739-ல் மரித்த அர்ச். வில்லிபிரோர்து என்பவரின் கல்லறை இருக்கிறது. இஸ்பிரீத்து சாந்து திருநாளுக்குப் பின்வரும் செவ்வாய்க்கிழமை ஆயிரக்கணக்கான விசுவாசிகள் அந்தக் கல்லறைக்குச் சுற்றுப்பிரகாரமாய்ப் போகிறார்கள். நம்மைப்போல் நடந்து அல்ல, துள்ளித் துள்ளி! வரிசை வரிசையாய் நின்று, வெள்ளைக் கைக்குட்டைகளின் முனைகளைப் பிடித்துக்கொண்டு, வாத்தியக்காரர் திரும்பத் திரும்ப வாசிக்கும் ஒரே மெட்டுக்கு இடமும் வலமுமாய்த் துள்ளுகிறார்கள். முன்காலத்தில் மூன்று அடி முன்னே வைத்து இரண்டு அடி பின்னே வருவார்களாம்! வலிப்பு முதலிய நரம்பு வியாதிகள் தீர அர்ச்சியசிஷ்டவரை மன்றாடி அந்த ஜனங்கள் இப்படிச் செய்தார்கள். துள்ளினால் வலிப்புத் தீரும் என்று நான் சொல்ல வரவில்லை. நோயுற்ற தங்கள் சரீரத்தைக் குறித்து அவர்கள் வெட்கப்படவில்லை. அந்தச் சரீரத்தைக் கொண்டே ஜெபித்தார்கள்.

அங்கேயும் சாளரத்தில் நின்றவர்கள் உண்டு. 1777-ல் அந்தப் பிரதேசத்து அதிமேற்றிராணியார் ஆட்டத்தையும் வாத்தியத்தையும் தடுத்தார். 1786-ல் இராயர் இரண்டாம் ஜோசப் சுற்றுப்பிரகாரத்தையே தடை செய்தார். தடைகள் போயின, சுற்றுப்பிரகாரம் போகவில்லை. 1944-ல் யுத்தத்தில் கோவிலே தகர்க்கப்பட்டது. அதைத் திரும்பக் கட்டி 1953-ல் அபிஷேகம் செய்தார்கள். 2010-ல் யுனெஸ்கோ சபை அந்தச் சுற்றுப்பிரகாரத்தை உலகத்தின் பாரம்பரியச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. அவ்வளவு தூரம் போவானேன்? ஈழத்தில் மன்னார், யாழ்ப்பாணம் பக்கத்துக் கத்தோலிக்கர் அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரத்தை விடிய விடியக் கூத்தாக ஆடியும் பாடியும் விசுவாசத்தை வளர்த்தவர்கள் அல்லவா?

பூசை நேரத்தில் கும்மியடிக்கச் சொல்லுகிறேன் என்று ஒருவரும் பயப்பட வேண்டாம். பூசை பூசையாகவே நடக்கும். நான் பேசுவது நம் வீட்டுத் தாய் தகப்பன்மாரைப் பற்றி. அவர்களுக்கு நாற்காலி வாங்கிப் போடுகிறோம். தொலைக்காட்சிப் பெட்டியைத் திருப்பி வைக்கிறோம். “நீங்க பேசாம உட்காருங்க அம்மா” என்கிறோம். பிரியத்தினால்தான் சொல்லுகிறோம். எழுந்து நிற்கத் துணிகிறவர்களைப் பார்த்து நகைப்பது மட்டும் எந்தப் பிரியத்தில் சேர்ந்தது? ஊதாரி மகன் திரும்பி வந்த வீட்டில் பாட்டும் ஆட்டமும் கேட்டபோது, உள்ளே போக மனமில்லாமல் வெளியே நின்றவன் மூத்த மகன். லூக்காஸ் சுவிசேஷத்தில் தகப்பன் வெளியே வந்து அவனை வருந்தி அழைத்ததாக இருக்கிறது. அவன் உள்ளே போனானா இல்லையா என்று சேசுநாதர் சொல்லவில்லை.

சில காரியங்களைக் கவனத்தில் வையுங்கள். இருதய நோய் உள்ளவர்களும் நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ காண்கிறவர்களும் முதலில் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். முழங்கால் வலிக்காரர் உட்கார்ந்தபடியே கைதட்டலாம், தோளை அசைக்கலாம். முதல் நாளிலேயே இளந்தாரிகளோடு போட்டி வேண்டாம். சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் வெறும் வயிற்றில் வரவேண்டாம். ஈரத்தரையில் ஆட்டம் கூடவே கூடாது. மண்டபத்தைச் சனிக்கிழமை காலையிலேயே கழுவிவிட உபதேசியாரிடம் சொல்லியிருக்கிறேன்.

வருகிற சனிக்கிழமை மாலை 6 மணிக்கு ஜெபமாலை. அது முடிந்ததும் கும்மி தொடங்கும். ஆண்களும் வரலாம், மேடைக்குப் பின்னாலுள்ள அலமாரியில் எலி கடித்தது போகக் கோலாட்டக் கழிகள் ஒன்பது சோடி தேறுகின்றன. நானும் வருகிறேன். எனக்குத் தாளம் தெரியாது, பார்த்துச் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். விழுந்த அந்தத் தாய் வாக்கர் பிடித்துக்கொண்டு இப்போது வீட்டுத் திண்ணைவரை வருகிறார். அவரை ஆட்டோவில் கூட்டிவருவதாக அவர் மகன் ஒத்துக்கொண்டிருக்கிறார். கை வைத்த நாற்காலி ஒன்று அவருக்காக மண்டபத்தில் போட்டிருக்கும். முதல் பாட்டை அவரே எடுத்துக் கொடுப்பார்.