பெயரற்ற கூர்மை

பல கைகள் கூடிச் செய்த பொருளுக்கு யாருடைய பெயரைச் சூட்டுவது? இதனை வெறும் புகழாசை என்று ஒதுக்கிவிடுவோர் உளர். "வேலை நன்றாக அமைந்தாற் போதாதா? பெயர் எதற்கு?" என்று அவர்கள் கேட்பர். ஆயினும், உழைப்பின் பயன் யாரைச் சேர்கின்றது என்ற பெரிய வினாவின் கிளையாகவே இதனைக் கொள்ளல் வேண்டும். யப்பானிலே, ஒசாகா நகருக்குத் தெற்கே உள்ள சக்காய்ப் பட்டினத்தின் கத்தித் தொழிலை நோக்குவோர்க்கு இது தெளிவாகும்.

போர்த்துக்கேயர் காலத்திலே யப்பானுக்கு வந்த புகையிலையை அரியும் கத்திகளால் சக்காய் புகழ்பெற்றது. தொக்குகாவா ஆட்சியாளர் அக்கத்திகளுக்குத் தனி முத்திரையும் வழங்கினர். பிற்காலத்திலே சமையற் கத்திகள் அப்புகழைத் தொடர்ந்தன. 1982இல் யப்பானிய அரசாங்கம் சக்காய்க் கத்தித் தொழிலை மரபுவழிக் கைத்தொழிலாக அங்கீகரித்தது. இத்தொழில் பல பட்டறைகளாகப் பிரிந்து கிடக்கின்றது. கொல்லர் மென்னிரும்பையும் உருக்கையும் உலையிற் காய்ச்சி ஒன்றாக இணைத்து அலகை உருவாக்குவர். சாணையாளர் அதற்குக் கூர் கொடுப்பர். கைப்பிடி பொருத்துதல் மற்றொரு வேலை. அலகை ஒரு பட்டறையிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பி, ஈற்றிலே தமது முத்திரையோடு விற்பவர் மொத்த வியாபாரி.

கொல்லரிடமிருந்து வரும் அலகு தடித்தது, கூரற்றது, அதனால் எதையும் வெட்ட இயலாது. சாணையாளர் அதனை ஒரு மரச்சட்டத்தில் இறுக்கி, நீர் பட்டுச் சுழலும் பெரிய கல்லிலே அழுத்தித் தேய்க்கின்றார். தேயத் தேய அலகு வளையும். எடுத்துப் பார்த்துச் சுத்தியலால் நிமிர்த்திய பின்பே மீண்டும் கல்லுக்குக் கொண்டு போகலாம். சூடு மிகுந்தால் கொல்லர் ஏற்றிய வைரம் கெட்டுவிடும். முகப்பிலே சரிவும், முதுகுப்புறத்திலே நுண்ணிய குழிவும் பிழையின்றி அமைதல் வேண்டும். அதன்பின் மென்மையான கற்களிலே மெருகு. கொல்லரின் நாட்கணக்கான உழைப்பைக் காப்பதும் கெடுப்பதும் இந்தக் கைகளே.

அவ்வாறாயின் இவர்கள் ஏன் கண்ணிற் படவில்லை? கொல்லரின் தொழிலில் நெருப்பு உண்டு, பொறி உண்டு, சம்மட்டியின் ஓசை உண்டு. படம்பிடிப்போர் அங்கேதான் கூடுவர். சாணையாளரின் தொழிலோ நீக்குகின்ற தொழில். அவர் நீக்கிய இரும்பு சேற்றோடு சேறாகக் கலந்துவிடுகின்றது. எஞ்சுவது ஒரு விளிம்பு. கண்ணாற் காண இயலாத அளவு மெல்லியதாயிருப்பதே அதன் சிறப்பு.

தொழிலின் இயல்பே இதற்குக் காரணம் என்று அமைதி கொள்ளலாமா? வரலாறு அதற்கு இடந்தரவில்லை. அதே யப்பானிலே வாளைத் தீட்டுவதையும் மதிப்பிடுவதையும் குலத்தொழிலாகக் கொண்ட ஹொன்னாமி குடும்பம் ஆளுவோரின் அரண்மனைகளிலே மதிப்புப் பெற்றிருந்தது. அக்குடும்பத்தில் 1558இல் பிறந்த ஹொன்னாமி கொஎத்சு, எழுத்தோவியத்திலும் மட்பாண்டக் கலையிலும் பெரும்புகழ் எய்தினார். வாளிலே பொறிக்கப்பட்டது கொல்லரின் பெயர்தான். எனினும் தீட்டியவரை நாடு அறிந்திருந்தது. வாள் பிரபுவின் இடையிலே தொங்கியது. கத்தி சமையற்காரரின் பலகையிலே கிடந்தது. கருவியை ஏந்துவோரின் அந்தஸ்தே கருவியைத் தீட்டுவோரின் அந்தஸ்தையும் நிர்ணயித்தது.

இங்கே ஓர் அழகியல்வாதம் குறுக்கிடுகின்றது. 1925ஆம் ஆண்டளவிலே மக்கட்கலை இயக்கத்தைத் தொடக்கிய யனாகி சொஎத்சு, பெயர் பொறிக்காத சாதாரண கைவினைஞரின் ஆக்கங்களிலேயே உண்மையான அழகைக் கண்டார். தன்முனைப்பு அற்ற கையே தூய கை என்பது அவர் கருத்தின் சாரம். மாளிகைப் பொருள்களை மட்டுமே கலையென்று மதித்த உலகிலே, உழவரின் கிண்ணத்தை உயர்த்தி வைத்த அவருடைய பணி போற்றற்குரியது. எனினும், எல்லாரும் பெயரற்றிருக்கும் நிலை வேறு. ஒருவர் பெயர் விளங்க மற்றவர் பெயர் மறைக்கப்படும் நிலை வேறு. வியாபாரியின் முத்திரை அலகிலே பளிச்சிடும்போது, சாணையாளரை நோக்கி அடக்கத்தின் பெருமையைப் போதிப்பது நேர்மையாகாது. தானே விரும்பித் துறப்பதுதான் அடக்கம். கேட்காமற் பறிக்கப்பட்டதற்கு அப்பெயர் பொருந்தாது.

பெயர் வயிற்றை நிரப்புமா என்று கேட்கலாம். தனித்து நின்றால் நிரப்பாது. ஆனால் பெயரில்லாதவரை மாற்றுவது எளிது. பேரம் பேசும் வலிமையும் அவருக்குக் குறைவு. 1845இல் வெளிவந்த தமது நூலிலே, இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரச் சாணைத் தொழிலாளரைப் பற்றி ஏங்கெல்ஸ் எழுதினார். உலர்கல்லிலே தீட்டுவோரின் சராசரி வாழ்நாள் 35 ஆண்டுகளை அரிதாகவே எட்டியது என்றும், நீர்க்கல்லிலே தீட்டுவோர் 45ஐத் தாண்டுதல் அரிது என்றும் ஒரு மருத்துவரின் கூற்றை எடுத்துக்காட்டினார். கத்தியிலே முதலாளியின் முத்திரை. தீட்டியவரின் சுவாசப்பையிலே கற்றூளும் இரும்புத்தூளும். யாரென்று அறியப்படாதவரின் மரணத்துக்குக் கணக்குக் கேட்பாரும் இல்லை.

சக்காயிலே சில மாற்றங்கள் தோன்றியுள்ளன. 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த மரபுக் கைவினைஞர் தகுதி, 12 ஆண்டுகளுக்குக் குறையாத அனுபவமும் தேர்ச்சியும் உடைய சாணையாளருக்கும் கிடைக்கின்றது. சில விற்பனையாளர் கொல்லரின் பெயரோடு சாணையாளரின் பெயரையும் இன்று குறிப்பிடுகின்றனர். இவை வரவேற்கத்தக்கவை. எனினும், பெயரைப் போட்டு விலையை உயர்த்தி, உயர்ந்த விலையின் பங்கைக் கொடாதுவிட்டால், அப்பெயரும் வியாபாரியின் இன்னொரு முத்திரையே ஆகிவிடும். பெயரும் பங்கும் ஒன்றாக வரல் வேண்டும். வராவிடின், சேற்றுநீரில் நாள்முழுதும் கை நனைய இருக்கும் இத்தொழிலுக்கு இளைஞர் எதனை நம்பி வருவர்?

ஒரு பொருளை வியந்து நோக்கும்போது "இது எந்த ஊர்ச் சரக்கு, என்ன விலை?" என்று கேட்கவே நாம் பழக்கப்பட்டுள்ளோம். "எத்தனை பேர் செய்தனர்? அவர்களுள் யாரைப் பற்றி எமக்குச் சொல்லப்படவில்லை?" என்ற கேள்விகளையும் வகுப்பறையிலே மாணவர் கேட்கப் பழகுவாராயின், அப்பழக்கம் கத்தியோடு நின்றுவிடாது.